ஒரே மண்டபத்தில் ஒரு பெரிய வெள்ளி

1. மூன்று விண்ணப்பங்கள்

பெரிய வெள்ளிக்கு எங்கள் ஆபீஸுக்கு மூன்று விண்ணப்பங்கள் வந்தன. மூன்றிலும் கேட்டிருந்தது ஒரே மண்டபம், ஒரே நேரம்: பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை. நான் வேலைக்குச் சேர்ந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை.

புஜைராவில் ஒரு சர்ச் வளாகத்தில் ஃபெசிலிட்டி கோஆர்டினேட்டராக இருந்தேன். படித்தது எலக்ட்ரிக்கல் டிப்ளமோ. ஏ.சி., லைட், சவுண்ட் சிஸ்டம், நாற்காலிகள், யாருக்கு எந்த மண்டபம் எந்த நேரம் என்பது, எல்லாம் என் பொறுப்பு. ஊரில் ஒவ்வொரு சபைக்கும் தனிக் கோயில் உண்டு. வளைகுடாவில் அப்படி முடியாது. அரசு கொடுத்த ஒரு நிலத்தில், ஒரு சுற்றுச்சுவருக்குள், பல சபைகள் முறை வைத்துக் கும்பிட வேண்டும். ஞாயிறு வேலைநாள் என்பதால் எல்லோருக்கும் வெள்ளிக்கிழமைதான் ஆராதனை. ஒரு சபை வெளியே போய் அடுத்த சபை உள்ளே வருவதற்கு நடுவில் மண்டபத்தை மாற்றிக் கொடுப்போம். அதற்கு சேஞ்ச்ஓவர் என்று பெயர். ஒரு சபைக்கு வெள்ளைத் துணி விரித்த மேசையும் மெழுகுவத்தியும் வேண்டும். இன்னொரு சபைக்கு டிரம்ஸும் கீபோர்டும் வேண்டும். மற்றொன்றுக்கு முழந்தாளிட நடுவில் இடம் விட வேண்டும். என் வேலையில் பாதி இந்த சேஞ்ச்ஓவர்தான்.

வளாக மேனேஜர் தாமஸ் சார், கோட்டயத்துக்காரர். சேர்ந்த அன்றே எனக்கு ஒரு விதி சொன்னார்.

“மோளே, இந்த ஆபீஸ் டோர் தாண்டி உள்ளே வந்தா உனக்கு சபை இல்லா, கேட்டோ? வெளியே போயிட்டு எந்த சபை வேணாலும் எடுத்துக்கோ.”

நான் பிறந்தது புராட்டஸ்டண்ட் சபையில். அதை ஆபீஸுக்கு வெளியே விட்டுவிடப் பழகிக்கொண்டேன்.

சாதாரண வெள்ளிக்கிழமைகளில் தமிழ்ச் சபைகள் மூன்றும் மூன்று வேறு நேரங்களில் வந்து போகும். ஒருவரை ஒருவர் பார்ப்பது கார் பார்க்கிங்கில் மட்டும்தான். பெரிய வெள்ளி அன்று அப்படி வேறு வேறு நேரம் வைக்க முடியாது. இயேசு சிலுவையில் தொங்கிய நேரம் என்று எல்லோரும் நம்புவது அந்த மூன்று மணி நேரத்தை. புராட்டஸ்டண்ட் சபைக்கு அது மும்மணி ஆராதனை. சிலுவையில் அவர் பேசிய ஏழு வார்த்தைகளைப் பற்றி ஏழு பேர் பிரசங்கம் செய்வார்கள். பெந்தெகொஸ்தே சபைக்கு அது உபவாச ஜெபம். கத்தோலிக்கர்களுக்குத் தனிக் கோயில் இருந்தது. அங்கே மராமத்து நடந்ததால் அவர்களுடைய தமிழ்க் குழு அந்த வருடம் எங்களிடம் வந்திருந்தது. அவர்கள் சிலுவைப் பாதை செய்து, முடிவில் சிலுவைக்கு முத்தி செய்வார்கள், அதாவது அறையுண்ட இயேசுவின் பாதத்தில் முத்தமிடுவார்கள்.

மாடியில் இன்னொரு மண்டபம் இருந்தது. இரண்டாவது அவசரப் படிக்கட்டு சரியில்லை என்று தீயணைப்புத் துறையான சிவில் டிஃபென்ஸ் அதை மூடிவிட்டது. வெளியே பந்தல் போடவும் கூடாது. எந்த வழிபாடும் கட்டடத்துக்கு உள்ளேதான்.

தாமஸ் சார் விண்ணப்பங்களைப் பார்த்துவிட்டு என் பக்கம் தள்ளினார். “மூணு பேரும் சேர்ந்து ஒரு பேப்பர் தரட்டும். இல்லெங்கில் அந்த டைம் ஃபிலிப்பினோக்காருக்கு. அவங்க வெயிட்டிங்ல உண்டு.”

2. ஒரு போன்

அந்த வாரம் ஆபீஸ் போனுக்கு ஒரு பெண் பேசினார். பெயர் சகாயமேரி. தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரர். ஓர் அரபி வீட்டில் வேலை. என்னைவிட வயதில் பெரியவர், ஆனாலும் அக்கா என்றே கூப்பிட்டார். நானும் அக்கா என்றேன்.

“யக்கா, பெரிய வெள்ளிக்கி முத்தி எத்தன மணிக்கி வைப்பீங்க?”

“இன்னும் முடிவாகலக்கா.”

“எனக்கு மூணரை வரைக்குந்தான் லீவு. நாலு மணிக்கி மேடம் வீட்டுக்கு விருந்தாளு வாறாங்க. மூணு வருசத்துல இப்பத்தான் மொதல்ல விட்டுருக்காங்க.”

“சரிக்கா, பார்த்துச் சொல்றேன்.”

அவர் போனை வைக்கவில்லை. “முத்தி செய்யத்தாங்க்கா வாறேன், வேற ஒண்ணுக்குமில்ல. போன வருசம் எங்க வீட்டுக்காரரு கடல்ல தவறிட்டாரு. பாடி கெடச்சிது. அடக்கத்துக்கு என்னைய விடல. எல்லாரும் கடைசி முத்தி குடுத்தாங்க, நான் குடுக்கல. ஆண்டவரு கால்லயாவது குடுக்கணும்.”

மூன்றரைக்கு முன் முத்தி முடிய வேண்டும் என்பதை மட்டும் என் வேலைக் குறிப்பில் சேர்த்துக்கொண்டேன். காரணம் அவருடையது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

3. மீட்டிங்

மூன்று தலைவர்களையும் ஆபீஸுக்கு அழைத்தேன். மூவருமே முழுநேர ஊழியர்கள் இல்லை. ஞானராஜ் அண்ணாச்சி புராட்டஸ்டண்ட் சபையின் தலைவர், திருநெல்வேலிக்காரர், எண்ணெய் டேங்க் கம்பெனியில் எலக்ட்ரிக்கல் ஃபோர்மேன். பெந்தெகொஸ்தே சபையின் பாஸ்டர் டேனியல் கோயம்புத்தூர்க்காரர், வாரநாட்களில் ஸ்டோர் கீப்பர். கத்தோலிக்கக் குழுவுக்கு அந்தோணி அண்ணன், துறைமுகத்தில் கப்பல்களை இழுக்கும் டக் படகில் வேலை.

போர்டில் இரண்டு பத்திகள் போட்டேன். ஒன்று, மூவருக்கும் ஒத்துப்போவது. மற்றது, ஒத்துப்போகாதது. முதல் பத்தி சீக்கிரம் நிரம்பியது. மூன்று மணி நேரம் எல்லோருக்கும் வேண்டும். பாட்டுகளில் பல பொது. ஏழு வார்த்தைகளும் பொது. ஏழையும் பங்கு போட்டுக்கொண்டு சேர்ந்தே ஆராதிக்கலாமே என்று சொன்னவர் அந்தோணி அண்ணன்.

அண்ணாச்சி நாற்காலியைப் பின்னால் தள்ளினார். அவர் சபையிலிருந்து சிலர் பாஸ்டரின் சபைக்குப் போயிருந்தார்கள். “எங்க தொழுவத்துல வந்து ஆட்ட ஓட்டிட்டுப் போற ஆளு கையில மைக்கையும் குடுக்கச் சொல்லுதீரா?”

“நான் ஓட்டலீங்க அண்ணாச்சி” என்றார் பாஸ்டர். “அதுவா நடந்து வருதுங்க.”

“அதான, இங்க புல்லு காஞ்சு போச்சு பாரும்.”

“அத நான் சொல்லலீங்க.”

அந்தோணி அண்ணன் சிரித்துவிட்டார். “ஆட்ட விடுங்கய்யா ரெண்டு பேரும். மண்டபத்தப் பேசுங்க. தாமஸ் சாரு ஃபிலிப்பினோக்குக் குடுத்துட்டாருன்னா மூணு பேரும் ரோட்டுலதான்.”

வார்த்தைகளைப் பிரித்தோம். அண்ணாச்சியின் சபைக்கு மூன்று, மற்ற இருவருக்கும் இரண்டிரண்டு. ஏழாவதான கடைசி வார்த்தையைப் பாஸ்டர் கேட்டார். அண்ணாச்சிக்கு அது பிடிக்கவில்லை. பாஸ்டர் குரலை உயர்த்தாமல் சொன்னார்:

“லேபர் கேம்ப் பஸ்ஸெல்லாம் வந்து சேர்றது அந்த நேரத்துலதாங்க. எங்க சபைய இங்க யாரும் ஒரு சபையாவே பார்க்கறதில்லீங்க. எல்லாரும் இருக்கறப்ப ஒருக்கா பேசிக்கறேன்.”

அண்ணாச்சி கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்துவிட்டு, “சரிவே, எடுத்துக்கிடும்” என்றார்.

இரண்டாவது பத்தியில் கடைசிவரை நின்றது ஒன்றே ஒன்று, சிலுவை. எங்கள் மண்டபத்துச் சுவரில் இருப்பது வெறும் மரச் சிலுவை. கத்தோலிக்கர்கள் முத்தி செய்வது இயேசுவின் உருவம் உள்ள பாடுபட்ட சுரூபத்துக்கு.

“சுரூபம் இருக்கற எடத்துல எங்க சனங்க உக்காரமாட்டாங்க” என்றார் பாஸ்டர். “தப்பா நினைக்காதீங்க. அதுக்காகவே வீட்டோட பகையாகி வந்தவங்க எங்ககிட்ட இருக்காங்க.”

“அது இல்லாம எங்களுக்குப் பெரிய வெள்ளியே இல்ல பாஸ்டர்” என்றார் அந்தோணி அண்ணன். அவரும் குரலை உயர்த்தவில்லை.

யாரையும் சமாதானப்படுத்த நான் முயலவில்லை. எனக்குத் தெரிந்தது சேஞ்ச்ஓவர் மட்டும்தான். மூன்று மணி வரை வெறும் சிலுவை, மூவரும் சேர்ந்து ஆராதனை. மூன்று மணிக்கு மற்ற இரண்டு சபைகளும் வெளியே. உடனே நாற்காலிகளை ஒதுக்கி நடுவில் வழி விட்டுத் தருவோம், கத்தோலிக்கர்கள் சுரூபத்தைக் கொண்டுவந்து முத்தி செய்யலாம். அவர்களில் ஒருவர் மூன்றரைக்குக் கிளம்ப வேண்டும் என்பதையும் சொன்னேன்.

“மூணுக்குச் சரியா முடிச்சிருவீங்களா?” என்று கேட்டார் அந்தோணி அண்ணன். கேட்டது எல்லோரையும், பார்த்தது அண்ணாச்சியை.

“முடிக்காம? என்னய ஏன் பாக்கீரு?”

பிரசங்க மேடையில் மூன்று சின்ன விளக்குகள் பொருத்தலாம் என்றேன். பச்சை என்றால் பேசலாம், மஞ்சள் என்றால் முடிக்கத் தொடங்க வேண்டும், சிவப்பு என்றால் நேரம் முடிந்தது. சவுண்ட் மிக்ஸர் பக்கத்திலிருந்து நான் ஸ்விட்ச் போடுவேன்.

“என்ன தாயி, பிரசங்கியாருக்கு டிராபிக் சிக்னலா?” என்றார் அண்ணாச்சி. “கேமராவும் வச்சிரு. சிவப்புல போறவனுக்கு ஃபைன் போடலாம்.”

மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். தாமஸ் சார் அதை இரண்டு முறை படித்துவிட்டு, “இது நிக்குமோ?” என்று மட்டும் கேட்டார்.

4. ஐந்தாவது வார்த்தை

பெரிய வெள்ளி அன்று சகாயமேரி முன்னதாகவே வந்துவிட்டார். நாங்கள் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தோம். பாஸ்டரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்களுக்கு உதவினார். கதவோரம் நின்றவரைப் பார்த்து, “எந்த ஊருங்க சிஸ்டர்? யாரு கூட வந்தீங்க?” என்று கேட்டார். தன்னிடம் கேட்பவர் எந்தச் சபை என்று சகாயமேரி பார்க்கவில்லை. போனில் என்னிடம் சொன்னதையெல்லாம் அவரிடமும் சொன்னார். பாஸ்டர் கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். வாசலுக்குப் பக்கத்திலேயே அவருக்கு ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார்.

ஆராதனை தொடங்கியது. ஆண்கள் வலப்பக்கம், பெண்கள் இடப்பக்கம். இதில் மூன்று சபைக்கும் வேறுபாடே இல்லை. கர்த்தர் கற்பித்த ஜெபத்தை அவரவர் பழகிய சொற்களில் சொல்வது என்று பேசியிருந்தோம். கத்தோலிக்கர்கள் முதலில் முடித்துவிட்டார்கள், ஏனென்றால் மற்றவர்களுக்குக் கடைசியில் இன்னும் ஒரு வரி உண்டு. அந்த வரி முடியும்வரை அவர்கள் தலை குனிந்து காத்திருந்து, எல்லோருடனும் சேர்ந்து ஆமென் சொன்னார்கள். யாரும் அப்படிச் சொல்லிக்கொடுக்கவில்லை.

முதல் நான்கு வார்த்தைகளும் விளக்கு சிவப்பாகும் முன்பே முடிந்தன. ஐந்தாவது, தாகத்தைப் பற்றியது, அண்ணாச்சியுடையது.

அவர் நன்றாகப் பேசினார். அதுதான் சிக்கல். நோன்பு மாதத்தில், நல்ல வெயிலில், எண்ணெய் டேங்க் மேலே கேபிள் இழுத்த கதையைச் சொன்னார். கூட வேலை செய்த பாகிஸ்தான்காரப் பட்டாணியர் ஒருவர், தான் நோன்பிருந்தும், கீழேயிருந்து தண்ணீர்க் கேனைத் தோளில் வைத்து ஏணியில் ஏறிக் கொண்டுவந்தாராம். “அவன் நாக்குல ஒரு சொட்டு படல. எங்களுக்குத் தூக்கிட்டு ஏறுனான்” என்றபோது கேம்ப் ஆட்கள் பலர் கண்ணைத் துடைத்தார்கள்.

மஞ்சள் போட்டேன். அண்ணாச்சி இரண்டாவது கதைக்குப் போனார். சிவப்புப் போட்டேன். அவர் விளக்கைப் பார்த்தார். கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். துடைத்த கைக்குட்டையை விளக்கின் மேலேயே போட்டுவிட்டு மூன்றாவது கதைக்குப் போனார்.

மிக்ஸரில் அவருடைய மைக்குக்கான பொத்தான் மேல்தான் என் விரல் இருந்தது. குறைக்க முடியும். ஆனால் பிரசங்கத்தின் நடுவே ஒருவருடைய குரலை வெட்டுவது கோஆர்டினேட்டருடைய வேலை இல்லை. விரலை எடுத்துவிட்டேன். வாசலோரத்தில் சகாயமேரி கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறாவது வார்த்தை அந்தோணி அண்ணனுடையது. எழுதிவந்த தாளில் பாதியை விட்டுவிட்டு முடித்தார். அதற்குள் மணி மூன்றாகிவிட்டது. பாஸ்டர் தமக்குரிய நேரம் முழுவதும் பேசினால், பிறகு நாற்காலி மாற்றி, சுரூபம் கொண்டுவந்து வைப்பதற்குள் மூன்றரை தாண்டிவிடும். நான் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். வேறு வழி எதுவும் தெரியவில்லை.

5. கடைசி வார்த்தை

பாஸ்டர் மேடை ஏறினார். மண்டபம் நிறைந்து, சுவரோரம் ஆட்கள் நின்றார்கள். கையில் தடிமனாகக் குறிப்புகள் வைத்திருந்தார். அவற்றை மடித்து ஜிப்பா பையில் வைத்தார். ‘பிதாவே, உம்முடைய கைகளில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்’ என்ற வசனத்தை மெதுவாக ஒருமுறை வாசித்தார்.

“இதுக்கு மேல நான் சொல்றதுக்கு ஒண்ணும் இல்லைங்க. அவரு தன்னை ஒப்படைச்சிட்டாரு. நாமளும் ஒப்படைச்சுக்குவோம். ஜெபிக்கலாங்களா?”

அவருடைய ஜெபம் ஸ்பீக்கரை அதிர வைக்கும் என்பதால் மைக்கின் ஒலி அளவை முன்கூட்டியே குறைத்து வைத்திருந்தேன். அன்று அவர் ஜெபித்தது பின்வரிசைக்குக் கேட்கவில்லை. நான்தான் கூட்ட வேண்டியதாயிற்று. ஆமென் சொன்னதும் மைக்கை விடாமல் பேசினார்.

“எங்க சபையார் எல்லாம் எந்திரிச்சு, அவங்கவங்க சேரையும் பக்கத்துச் சேரையும் எடுத்துட்டு வெளிய வாங்க. நடுவுல வழி வேணும். சத்தமில்லாம.”

வெள்ளைப் புடவைக்காரப் பெண்களும் கேம்ப் ஆட்களும் நாற்காலியோடு நடந்தார்கள். அவர்களைப் பார்த்து அண்ணாச்சியின் சபையாரும் எடுத்தார்கள். என் ஆட்கள் மூன்று பேரும் செய்வதற்கு வேலையில்லாமல் நின்றார்கள். வெள்ளைத் துணி சுற்றிய சுரூபத்தை அந்தோணி அண்ணனும் இன்னும் மூவரும் ஸ்டோர் ரூமிலிருந்து தூக்கி வரும்போது வழி தயாராக இருந்தது. அது வாசலைக் கடந்தபோது பாஸ்டர் அங்கே இல்லை.

வெளியே கேட்டருகே சகாயமேரியை அழைத்துப்போக மேடம் வீட்டு டிரைவர் காத்திருப்பார் என்பது நினைவுக்கு வந்து ஓடினேன். பாஸ்டர் எனக்கு முன்பே அங்கே இருந்தார். கையில் இரண்டு டீ. டிரைவர் ஹமீது பாய் அதிராம்பட்டினத்துக்காரர். தமிழ் கேட்டதும் கார் கண்ணாடியை முழுவதும் இறக்கியிருந்தார்.

“நான் வெயிட் பண்ணுவேன் பாஸ்டர். மேடம் வெயிட் பண்ணாது.”

“பாய், அஞ்சு நிமிசம்தானுங்க.”

“அந்த அஞ்சு நிமிசத்துல நாலு போன் வரும். ரோடு ஜாம்னு சொல்லச் சொல்வீங்க. ஜும்மா அன்னைக்கு என்னைப் பொய் சொல்ல வைக்காதீங்க.”

“பொய் வேண்டாங்க. உள்ளதச் சொல்லுங்க.”

போன் அடித்தது. ஹமீது பாய் டீயை டாஷ்போர்டில் வைத்துவிட்டு எடுத்தார். “நஅம் மேடம். சலாத், மேடம். சலாத், ஃபைவ் மினிட்.” அந்தப் பக்கம் ஏதோ சொல்லி வைத்துவிட்டார்கள். பாய் எங்களைப் பார்த்தார். “தொழுகைன்னு சொன்னேன். சரின்னுட்டு வச்சிருச்சு.”

மண்டபக் கதவு திறந்தே இருந்தது. அந்தோணி அண்ணன் முதல் ஆளாகச் சகாயமேரியைத்தான் அழைத்தார். அவர் முழந்தாளிட்டு, பாதத்தில் முத்தமிட்டு, அப்படியே இருந்தார். பின்னால் வரிசை நீண்டது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

சகாயமேரி செருப்பைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கு வந்தார். பாஸ்டரைப் பார்த்ததும் நின்றார்.

“நீங்க பேசுறதையும் கேக்கணும்னுதான் இருந்தேன் பாஸ்டர்.”

“இன்னொரு நாள் பேசிக்கலாங்க. போன காரியம் முடிஞ்சுதுங்களா?”

“முடிஞ்சிது.”

“செருப்பப் போட்டுக்கங்க சிஸ்டர், தார் சுடுது” என்றார்.

கார் போன பிறகு அண்ணாச்சி வந்தார். என்ன நடந்தது என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். பாஸ்டர் பக்கத்தில் வந்து நின்றார்.

“உம்ம நேரத்த நான் தின்னுட்டேன்வே.”

“நல்லா இருந்துதுங்க அண்ணாச்சி, அந்தத் தண்ணிக் கேன் கதை. அதோட நிறுத்தியிருக்கலாம்.”

“அதான் என் வீட்டம்மாவும் சொல்லுதா” என்றார் அண்ணாச்சி. பிறகு, “வாரும், சேரை உள்ள கொண்டு போடுவோம்” என்று பாஸ்டரின் தோளில் கை வைத்தார்.

6. நான் கற்றது

இப்போது வேறு வேலையில் இருக்கிறேன். இப்படிப்பட்ட பொது இடங்களை நடத்தும் வேலைக்கு வருகிற இளையவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அன்று யாருடைய நம்பிக்கையும் மாறவில்லை. பாஸ்டர் டேனியல் அதற்குப் பிறகும் சுரூபம் இருக்கும் இடத்தில் உட்காரவில்லை. அந்தோணி அண்ணன் அது இல்லாமல் ஒரு பெரிய வெள்ளியும் அனுசரிக்கவில்லை. அண்ணாச்சி ஆடுகளைப் பற்றிய வழக்கை இன்னும் முடிக்கவில்லை என்று கேள்விப்படுகிறேன். பலரைச் சேர்த்து வைக்க விரும்பினால், எது ஒத்துப்போகாது என்பதை முதலில் சரியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதை மறைத்துவிட்டுப் போடும் திட்டம் நிற்காது. மறைக்காமல் போட்டதால்தான் எங்களுடையது மூன்று மணி வரையாவது நின்றது.

அதற்கு மேல் நடந்தது என் திட்டத்தில் இல்லை. தமக்கு உடன்பாடில்லாத ஒரு முத்தத்துக்காக, தாம் வெகுநாள் காத்திருந்த நேரத்தை ஒருவர் விட்டுக்கொடுத்தார். அதைக் கேட்க எனக்கு உரிமையும் இல்லை, கேட்கத் துணிவும் இருந்திருக்காது. அவரோடு வேலை செய்யக் கிடைத்ததற்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.